மூணே முக்கால் ரூபாய் வட்டி

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் 34,000 ரூபாய். கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்; மாதம் 15,000 வரும், சில மாதம் 20,000. போன ஜூனில் இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் 38,000-ஐ கிரெடிட் கார்டில் கட்டினேன். அப்புறம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். இப்போது மளிகை, பெட்ரோல்கூட கார்டில்தான் போகிறது. பில் 74,600-ல் நிற்கிறது. எட்டு மாதமாக ஒரு தடவைகூடத் தவறாமல் மினிமம் தொகையாக 4,000 கட்டுகிறேன். ஆனாலும் பாக்கி குறையவில்லை, ஏறியிருக்கிறது. "கார்டே ஆகாது, வெட்டிப் போடு" என்கிறார் அப்பா. "கடன் இல்லாதவன் எவன் இருக்கிறான்? எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்கிறார் கணவர். நகை எட்டு பவுன் இருக்கிறது, அடகு வைக்க மனசு வரவில்லை. கடன் இல்லாமல் கார்டை வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை வெட்டிப் போட்டுவிடலாமா? பில் நகலை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பில் நகலை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், அதனால் ஆறுதல் வார்த்தையெல்லாம் வேண்டாம், நேராகக் கணக்குக்கே வருகிறேன்.

இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மாதம் 3.75 சதவீதம்' என்று இருக்கிறது. சதவீதம் என்று படித்தால் நமக்கு உறைப்பதில்லை. நம் ஊரில் வட்டியை ரூபாயில்தான் சொல்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, நியாயம். இரண்டு வட்டி என்றால் யோசிப்போம். மூணு வட்டி கேட்பவரிடம் "அந்த ஆளிடம் போகாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். உங்கள் கார்டு வாங்குவது மூணே முக்கால் ரூபாய் வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. இரண்டையும் கூட்டினால் 4 ரூபாய் 42 பைசா ஆகிறது. இதே வட்டிக்கு உங்கள் தெருவில் ஒருவர் பணம் தருகிறார் என்றால், ஸ்கூல் ஃபீஸுக்காக அவர் வீட்டுப் படி ஏறியிருப்பீர்களா?

இப்போது உங்கள் 4,000 எங்கே போகிறது என்று பாருங்கள். 74,600-க்கு ஒரு மாத வட்டி 2,797. அதற்கு ஜிஎஸ்டி 503. ஆக 3,300 அப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது 700 ரூபாய். அதே மாதம் மளிகை, பெட்ரோல், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று கார்டில் 4,260 ஏறியிருக்கிறது. எழுநூறு இறக்கி நாலாயிரத்துச் சொச்சம் ஏற்றினால் பாக்கி எப்படிக் குறையும்? ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிறீர்கள், அதுவும் எட்டு மாதமாக, ஒரு நாள் தவறாமல்.

நாளை முதல் கார்டில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல், இந்த 4,000-ஐ மட்டும் கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் தீர சுமார் 40 மாதம் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது 1,60,000-ஐத் தாண்டும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை பில்லில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் பில்லிலும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே.

இவ்வளவு வட்டி வாங்க யார் விட்டார்கள் என்று தோன்றும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. உங்கள் வட்டி ஆண்டுக்கு 45 சதவீதம். தடுக்க ஆள் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. வங்கியில் இருபது வருடம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். படித்தவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். '50 நாள் வரை வட்டி இல்லை' என்பது பழைய பாக்கி எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும். போன மாத பில்லில் கொஞ்சம் நின்றால்கூட அந்தச் சலுகை நின்றுவிடும். நீங்கள் இப்போது அரிசிச் சிப்பம் வாங்கினால், கடையில் கார்டைத் தேய்த்த அன்றே அதற்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது. எட்டு மாதமாக உங்கள் வீட்டில் உலை வைத்த அரிசியெல்லாம் வட்டிக்கு வாங்கிய அரிசி.

பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஆகஸ்ட் 5-ல் 30,000-க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். 20-ம் தேதி பில், கடைசி நாள் செப்டம்பர் 9. அன்று 29,000 கட்டிவிட்டு, ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுகிறீர்கள். வட்டி அந்த ஆயிரத்துக்கு மட்டும் வருவதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை, 35 நாளுக்கு, முழு 30,000-க்கும் கணக்குப் போடுவதுதான் பொதுவான வழக்கம். ஜிஎஸ்டியோடு 1,500 ரூபாய்க்கு மேல் வரும். ஆயிரம் பாக்கி வைத்ததற்கு ஆயிரத்து ஐநூறு. கார்டு வந்த கவரிலேயே விதிமுறைப் புத்தகம் ஒன்று இருந்திருக்கும், அதில் இதற்கு உதாரணக் கணக்கே போட்டிருப்பார்கள். தேடிப் பாருங்கள், பழைய பேப்பருக்குப் போகாமல் இருந்தால்.

சரி, என்ன செய்வது? நகையை வையுங்கள்.

மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. அடகு வைத்தால் மாமியாருக்குத் தெரியும், அடுத்த கல்யாணத்தில் கை காலியாக இருந்தால் நாத்தனார் கேட்பார். கார்டு கடன் யார் கண்ணுக்கும் படாது. கழுத்தில் சங்கிலி இருக்கும், கையில் வளையல் இருக்கும், வீட்டில் கடன் இருப்பது உங்கள் இருவரையும் அப்பாவையும் தவிர யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதற்கு வெட்கம் கிடையாது, வளர்ந்துகொண்டே போகிறது. என்னைக் கேட்டால், நாலு பேருக்குத் தெரிகிற கடன்தான் சீக்கிரம் அடையும்.

கணக்கைப் பாருங்கள். கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். நம் கணக்கில் 80 பைசா வட்டி. எட்டு பவுனையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இன்றைய விலைக்கு இரண்டு பவுன் வளையல் தாராளமாகப் போதும். 74,600-ஐ வாங்கி கார்டு பாக்கியை ஒரே நாளில் முழுதாகக் கட்டுங்கள். அப்புறம் அதே 4,000-ஐ மாதாமாதம் நகைக்கடனுக்குக் கட்டுங்கள். முதல் மாத வட்டி 620 ரூபாய்தான், மீதி 3,380 அசலில் போகும். இருபது, இருபத்தொரு மாதத்தில் வளையல் கைக்கு வந்துவிடும், மொத்தம் கட்டுவது சுமார் 82,000. கார்டில் அதே 4,000 நாற்பது மாதம். உங்கள் கையிலிருந்து போகும் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை, போகும் இடம்தான் மாறுகிறது.

கணவரின் கடையில் 15,000-க்கு மேல் வரும் மாதங்களில் அந்த மேல்தொகையையும், தீபாவளிக்கு போனஸ் வந்தால் அதையும் இதிலேயே போடுங்கள். இன்னும் முன்னாலேயே முடியும். இரண்டு எச்சரிக்கை: தெருமுனை அடகுக்கடைக்குப் போகாதீர்கள், அங்கே வட்டி வேறு கதை. வங்கியிலும் பெரும்பாலும் ஒரு வருடக் கணக்குதான், பன்னிரண்டாம் மாதம் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள். நகை இல்லாத வாசகர்களும் இதைப் படிப்பீர்கள்: பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி கார்டு வங்கியிடமே கேட்கலாம், அல்லது தனிநபர் கடன் பார்க்கலாம். நகைக்கடனைவிட வட்டி கூடுதல்தான், ஆனாலும் 45 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பாதிக்கும் கீழே. 'செட்டில்மென்ட்' என்று பாதியைக் கட்டி முடிக்க யாராவது போனில் ஆசை காட்டினால் அதற்குப் போகாதீர்கள். சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், அந்த வார்த்தை ஏறிவிட்டால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

மளிகை, பெட்ரோல் இனி கைக்காசில்தான். இந்த இடம் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். இதுவரை கார்டு தாங்கிய 4,260-ல் பிரியாணியும் செருப்பும் போக மீதியை மாத வருமானத்திலிருந்தே எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் கையைக் கடிக்கும். உங்கள் வருமானத்தில் உங்கள் வீடு உண்மையில் எவ்வளவுக்கு ஓடுகிறது என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் உங்களுக்கே தெரியவரும்.

இப்போது அப்பா சொன்னதற்கு வருகிறேன். வெட்டிப் போடச் சொல்கிறார். பாக்கி தீர்ந்த பிறகு மூன்று மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், வெட்ட வேண்டாம். மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு நீள நோட்டு வைத்திருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மாசம் முழுக்க எழுதி வைப்பார், சம்பளத்தன்று அப்பா போய் முழுதும் கட்டிவிட்டு வருவார். கார்டு அந்த நோட்டுதான். பாக்கி வைத்தால் அண்ணாச்சி முகம் சுளிப்பார், அடுத்த மாதம் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார். கார்டு கம்பெனி சிரித்துக்கொண்டே லிமிட்டை ஏற்றித் தரட்டுமா என்று கேட்கும். வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் சம்மதம் இல்லாமல் லிமிட்டை ஏற்றக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் அந்த குறுஞ்செய்தி வந்தால் 'சரி' என்று அமுக்காதீர்கள். உங்களுக்கு இப்போது 1,50,000 லிமிட் இருக்கிறது. நாற்பதாயிரமாகக் குறைக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து வெளியே எடுக்கும்போது ஒரே பழக்கம் போதும். கார்டில் எவ்வளவு செலவு செய்தீர்களோ அதை ஞாயிற்றுக்கிழமை காலை வங்கிக் கணக்கிலிருந்து கார்டுக்குக் கட்டிவிடுங்கள். பில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணக்கில் பணம் இல்லாத வாரத்தில் கார்டு வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான். 'ஐம்பது நாள் பணத்தை வங்கியில் வைத்து வட்டி சம்பாதிக்கலாம்' என்று உங்கள் ஆபீஸில் யாராவது கெட்டிக்காரர் சொல்வார். பத்தாயிரத்துக்கு ஐம்பது நாள் சேமிப்புக் கணக்கு வட்டி நாற்பது ரூபாய்கூட வராது. அவர் டீ வாங்கித் தரட்டும்.

உங்கள் பில்லில் கடைசித் தேதி 2 என்று இருக்கிறது, சம்பளமோ 5-ம் தேதி. இப்படி இருந்தால் நல்ல மனுஷியும் மினிமம்தான் கட்டுவார். பில் தேதியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, ரிசர்வ் வங்கியின் விதியிலேயே இருக்கிறது. கடைசித் தேதி 10, 12 வாக்கில் வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். கூடவே ஆட்டோ டெபிட் போடுங்கள், கடைசித் தேதியில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே கார்டுக்குப் போய்விடும். அந்தப் படிவத்தில் 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதில் டிக் போட்டுவிட்டு, கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானே ஒரு தடவை மாட்டினேன். கடைசி நாள் ராத்திரி வேறு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன், பணம் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள். சண்டை போட்டும் திரும்ப வரவில்லை. இப்போது விதி மாறியிருக்கிறது, கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அந்த மூன்று நாளை நம்பி இருக்காதீர்கள், தவறிப்போனால் கேட்கத் தெரிந்திருக்கட்டும்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் இரண்டாவதாக ஒரு கார்டு வாங்கியிருப்பீர்கள் போலிருக்கிறது, அதன் ஆண்டுக் கட்டணம் 590 ரூபாயும் நீங்கள் அனுப்பிய தாள்களில் இருக்கிறது. அதை மூடிவிடுங்கள். பாக்கியைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும். "மேடம், வாழ்நாள் முழுக்க இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று போன் வரும். வேண்டாம் என்று சொல்லி, மூடிவிட்டதாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் முதலில் வங்கிக்குப் புகார், முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பு அதிகாரிக்கு. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் சொருகிப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த அன்றே கட்டணமும் வட்டியும் சேர்ந்து ஓடும். வட்டியில்லாத் தவணை என்று போன் விற்பவர்களிடம், ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைத்து டீக்கடையில்கூட ஸ்கேன் செய்யலாம் என்பது 2022-லிருந்து வந்த வசதி. உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், பதினைந்து ரூபாய் டீக்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ரிவார்டு பாயின்ட் பற்றி ஒன்றும் எழுதாததற்குக் காரணம், பல கார்டுகளில் நூறு ரூபாய் செலவுக்குக் கால் ரூபாய்தான் தேறும்.

அப்படியென்றால் கார்டை எதற்கு வைத்துக்கொள்வது என்று அப்பா கேட்பார், நியாயமான கேள்விதான். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்டரில் 20,000 அட்வான்ஸ் கேட்டால் உதவும், மறுவாரம் சேமிப்பிலிருந்து கட்டிவிடலாம். ஒழுங்காக முழுதும் கட்டி வருபவருக்கு சிபில் ஸ்கோர் ஏறும், 300-லிருந்து 900 வரை போகும் நாளைக்கு வீட்டுக் கடன் வட்டியைத் தீர்மானிக்கும்போது அந்த எண்ணையும் பார்ப்பார்கள். லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் செலவை வைத்தால் நல்லது என்பார்கள், நாற்பதாயிரத்தில் பன்னிரண்டாயிரம், உங்கள் வீட்டு மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போதும். முழு அறிக்கையை வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம். இதெல்லாம் சொல்லியும் அப்பா சமாதானம் ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கார்டே இல்லாமல் வாழ்வதில் ஒரு குறையும் இல்லை.

கணவர் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. எல்லோரும் கடனில் இருக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். கடையில் அவரிடம் ரிப்பேருக்கு வருகிற போன்களில் பாதி தண்ணீரில் விழுந்தவைதான். அதற்காக அவர் தன் போனைத் தண்ணீரில் போடுவதில்லை. நாலு ரூபாய் நாற்பத்திரண்டு பைசா வட்டி என்று அவரிடம் ரூபாயில் சொல்லிப் பாருங்கள், சதவீதத்தில் சொல்லாதீர்கள்.

கடைசியாக, எல்லாம் ஆரம்பித்த இடம் ஸ்கூல் ஃபீஸ். ஜூன் மாதம் வருடாவருடம் வரும், தெரியாமல் வந்த செலவு இல்லை அது. இந்த ஜூனுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் 38,000 சேராது. பள்ளியில் இப்போதே போய் டெர்ம் டெர்மாகக் கட்ட அனுமதி கேளுங்கள், ஏப்ரலில் கூட்டம் வந்த பிறகு கேட்டால் கிளார்க் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதற்கடுத்த ஜூனுக்கு, வரும் மே மாதத்திலிருந்து வங்கியில் மாதம் 3,200 ரூபாய்க்கு ஒரு வருட ஆர்டி (மாதத் தவணைச் சேமிப்பு) போடுங்கள், பன்னிரண்டு தவணையில் 38,400 அசல் மட்டுமே சேர்ந்துவிடும். டெர்ம் ஃபீஸும் ஆர்டியும் சேர்ந்து நெருக்குகிற மாதம் நகைக்கடனுக்கு 4,000-க்குப் பதில் இரண்டாயிரம் போட்டாலும் பரவாயில்லை, 80 பைசா வட்டி பொறுத்துக்கொள்ளும். தபால் நிலையத்து ஆர்டி ஐந்து வருடக் கணக்கு, இதற்கு ஒத்துவராது. வளையலைக் கொண்டுபோகிற அன்று அதே வங்கியில் ஆர்டி படிவத்தையும் வாங்கிவந்துவிடுங்கள், மே மாதம் இன்னொரு தடவை லீவு போட வேண்டியிருக்காது.